பிரண்டைத் துவையல் நாக்கை அரிக்குது, எங்கே தப்பு? (பொடி, பிரண்டை உப்பு பற்றியும் சந்தேகம்)

புதுவாணலி எழுதியது:

பிரண்டைத் துவையல் ரெண்டு தடவை அரைச்சாச்சு. ரெண்டு தடவையும் வாயில் வைத்த கொஞ்ச நேரத்தில் நாக்கும் தொண்டையும் நமநமன்னு அரிக்க ஆரம்பிச்சிடுது. செய்த முறையை அப்படியே போடுறேன், எங்கே தப்புன்னு சொல்லுங்க.

சந்தையில் வாங்கின கட்டு, சுண்டுவிரல் தடிமன். நாலு ஓரத்து நாரையும் உரிச்சு, அரை அங்குலத் துண்டா நறுக்கி, தண்ணியில் மூணு தடவை அலசி வடிச்சு, ஒரு ஸ்பூன் எண்ணெயில் மூணு நிமிஷம் வதக்கினேன். பச்சை நிறம் போயிடக் கூடாதுன்னு அதோட அடுப்பை அணைச்சேன். உளுந்தும் மிளகாயும் வறுத்து, புளி, தேங்காய், உப்பு வச்சு மிக்சியில் மைய அரைச்சேன். சமையல் வீடியோக்களில் துவையல் பளிச்சுன்னு பச்சையா இருக்கே, அது மாதிரி வரணும்னு ஆசை.

கூடவே மூணு சந்தேகம். அம்மாவுக்கு 60 வயசு, மூட்டு வலி இருக்கு. பிரண்டைப் பொடி தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டா எலும்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க, சரியா? அப்பாவுக்கு முன்னாடி சிறுநீரகக் கல் வந்திருக்கு, அவர் துவையல் சாப்பிடலாமா? பிரண்டை உப்புன்னு ஒண்ணு நாட்டு மருந்துக் கடையில் விக்குதே, அது என்ன?

கல்சட்டி எழுதியது:

தப்பு ஒண்ணு இல்லை, நாலு இருக்கு. ஆனா தாய்த் தப்பு அந்தப் பச்சை நிற ஆசைதான். பிரண்டைத் துவையல் பச்சையா இருந்தா அது வேகாத பிரண்டை. வீடியோவில் பளிச்சுன்னு தெரியுதுன்னா கொத்தமல்லியோ கறிவேப்பிலையோ சேர்த்திருப்பாங்க, இல்லேன்னா அவங்க நாக்கும் உங்க நாக்கு மாதிரிதான் அரிச்சிருக்கும்.

முதல்ல கொடி. சுண்டுவிரல் தடிமன்னா முற்றிடுச்சு. நுனியிலிருந்து மூணு நாலு கணு வரைக்கும்தான் துவையலுக்கு ஆகும். கணுவுக்குக் கணு ஒடிச்சுப் பாருங்க. பட்டுன்னு ஒடிஞ்சு, நார் இழுபடாம வந்தா இளசு. ஒடியாம வளைஞ்சு, நார் தொங்கினா அந்தப் பகுதியை விட்டுடுங்க. ஒரு கட்டு வாங்கினா பாதிதான் தேறும், அதனால கொஞ்சம் கூடவே வாங்குங்க.

அடுத்தது கழுவுற வரிசை. நறுக்கறதுக்கு முன்னாடி முழுக் கொடியாவே கழுவி, துணியில் துடைச்சு, அரை மணி நேரம் நிழலில் காய விடணும். நறுக்கின பிறகு அலசினீங்கன்னா வழவழப்பு இன்னும் ஊறி வரும், துண்டெல்லாம் ஈரம் குடிச்சிடும். அந்த ஈரத்தோட வாணலியில் போட்டா அது வதங்காது, ஆவியில் வேகும். மூணு நிமிஷமும் தண்ணி வத்தறதுக்கே சரியாப் போயிருக்கும்.

கையில் நல்லெண்ணெய் நல்லாத் தடவிக்கிட்டு உட்காருங்க. கணுவை ரெண்டு பக்கமும் ஒரு நூல் தள்ளி வெட்டி எறிஞ்சிடுங்க. கணுவில் அரிப்பும் அதிகம், அரைபடவும் அரைபடாது. நாலு விளிம்பிலும் நாரை இழுத்து உரிக்கணும். இளசா இருந்தா தோலைச் சீவ வேண்டியதில்லை. பிறகு கால் அங்குலத்துக்கும் குறைவா, மெல்லிசா நறுக்கணும். அரை அங்குலத் துண்டு வெளியே கருகும், உள்ளே பச்சையா இருக்கும்.

அளவு: சுத்தம் பண்ணின பிரண்டை 100 கிராம், அதாவது ஒரு கப் குவிச்சு. நல்லெண்ணெய் மூணு மேசைக்கரண்டி. தோல் உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் அஞ்சு, புளி ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, கட்டிப் பெருங்காயம் ஒரு மிளகு அளவு, தேங்காய்த் துருவல் ரெண்டு மேசைக்கரண்டி, கல் உப்பு முக்கால் தேக்கரண்டி, வெல்லம் ஒரு சின்னத் துண்டு.

அடி கனமான இரும்பு வாணலியில் எண்ணெயில் மூணில் ரெண்டு பங்கை ஊத்திக் காயவிட்டு, பிரண்டையைப் போட்டு, முதல் ரெண்டு நிமிஷம் பெரிய தீ, பிறகு சின்னத் தீ. மூடி போடக் கூடாது. நூறு கிராமுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். முதலில் கரண்டியில் நூல் மாதிரி வழவழப்பு இழுபடும், அது போகணும். பச்சை மங்கி, பழுத்த வேப்பிலைக்கும் காக்கிக்கும் நடுவில் ஒரு நிறம் வரும், துண்டு பாதியாச் சுருங்கும், ஓரம் லேசா மொறுமொறுக்கும். அதுதான் பதம். கடைசி ஒரு நிமிஷத்தில் புளியையும் பிச்சுப் போட்டுப் பிரட்டி இறக்கிடுங்க.

அரைக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஆறின துண்டு ஒண்ணை முன்பல்லால் கடிச்சு, நாக்கு நுனியில் வச்சிருந்துட்டுத் துப்பிடுங்க. அரிப்பு உடனே தெரியாது, அதனால ரெண்டு மூணு நிமிஷம் பொறுக்கணும். நமச்சல் தெரிஞ்சா இன்னும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு அஞ்சு நிமிஷம் வதக்குங்க. அரைச்ச பிறகு தெரிஞ்சாலும் கொட்ட வேண்டாம். வாணலியில் எண்ணெய் விட்டுத் துவையலையே சுருளச் சுருளக் கிளறி, இன்னும் கொஞ்சம் புளி சேர்த்தா தொக்கா மாத்திக் காப்பாத்திடலாம்.

மிச்ச எண்ணெயில் பெருங்காயம், உளுந்து, மிளகாயை வறுத்து முதலில் உப்பு, புளியோட ஒண்ணுரெண்டா ஓட்டணும். அப்புறம் தேங்காய், கடைசியா பிரண்டை. தண்ணி தெளிச்சாப் போதும், அதுவும் வெந்நீர். மைய அரைக்காம கொரகொரன்னு எடுங்க. சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைஞ்சு சாப்பிடணும், துவையலைத் தனியா நக்கிப் பார்க்கிற சாமான் இல்லை இது. தேங்காய் போட்டது ஃபிரிட்ஜில் ரெண்டு நாள். தேங்காய் இல்லாம, எண்ணெய் மேலே நிக்கற மாதிரி செஞ்சா ஒரு வாரம் தாங்கும்.

குமிழ்_அடுப்பு எழுதியது:

இவ்வளவு நேரம் எதுக்கு வதக்கணும்? குக்கரில் புளித்தண்ணி விட்டு மூணு விசில் விட்டு, தண்ணியை வடிச்சிட்டு அரைச்சா வேலை முடிஞ்சது. சிலர் துளி சுண்ணாம்பும் சேர்ப்பாங்க.

வச்சிரவல்லி எழுதியது:

குக்கர் யோசனையில் பாதி சரி, பாதி இல்லை. அரிப்பு எதனால் வருகிறது என்று பார்த்துவிட்டால் இந்த வாதம் தீர்ந்துவிடும்.

பிரண்டை திராட்சைக் குடும்பத்துக் கொடி. தாவரவியல் பெயர் சிசஸ் குவாட்ராங்குலாரிஸ். கடைசிச் சொல் அதன் நாற்பட்டைத் தண்டைக் குறிக்கிறது. இந்தக் குடும்பத்துச் செடிகளின் திசுவில் வழவழப்பான சாறு நிறைந்த பைகள் உண்டு. அவற்றுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாக இருக்கும். தண்டை நறுக்கும்போது பை உடைந்து ஊசிகள் வெளியே வந்து தோலிலும் நாக்கிலும் குத்துகின்றன. சேனையும் சேப்பங்கிழங்கும் அரிப்பதற்கும் இதே ஊசிகள் முக்கியக் காரணம்.

கால்சியம் ஆக்சலேட் தண்ணீரில் கரையாது. புளி, மோர் போன்ற மென்மையான புளிப்பிலும் பெரிதாகக் கரையாது. அது சிதைய 400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும், குக்கரில் இருப்பது 120 டிகிரி அளவு. ஆகவே மூன்று விசில் விட்டாலும் ஊசி ஊசியாகவே இருக்கும். தண்டு குழைவதால் இன்னும் எளிதாக வெளியேயும் வரும். வேகவைத்த தண்ணீரை வடிப்பதால் ஒரு பயன் உண்டு: பிரண்டையில் தண்ணீரில் கரையும் ஆக்சலேட்டும் இருக்கிறது, அது வடிந்து போகும். சுண்ணாம்பு இதற்கு நேர்மாறு. கரையும் ஆக்சலேட்டைக் கரையாததாக மாற்றுமே தவிர, ஏற்கெனவே உள்ள ஊசியை ஒன்றும் செய்யாது. அளவு கூடினால் வாயும் வெந்துபோகும். தேவையில்லை.

எண்ணெயில் வதக்கும்போது நடப்பது வேறு. வழவழப்புச் சாறு வற்றுகிறது, துண்டு சுருங்கி இறுகுகிறது, மேலே எண்ணெய் பூசிக்கொள்கிறது. ஊசிகள் பிதுங்கி வெளியே வர வழி குறைகிறது. கல்சட்டி சொன்ன “கரண்டியில் நூல் இழுபடக் கூடாது” என்ற பதத்தின் பொருள் இதுதான். புளியும் மோரும் வதக்கலுக்குத் துணை, அதற்கு மாற்று அல்ல. மைய அரைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதே.

கையில் அரித்தால் தண்ணீரில் கழுவித் தேய்க்காதீர்கள், பரவும். புளிக்கரைசலோ தேங்காய் எண்ணெயோ தடவித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு சோப்பு. கண்ணைத் தொடவே கூடாது. தொண்டை அரித்தால் கெட்டி மோரை மெதுவாக விழுங்கலாம், ஒரு துண்டு வெல்லத்தை ஒதுக்கிக்கொள்ளலாம். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு விடச் சிரமமானாலோ கைவைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனை.

இனி அப்பாவைப் பற்றிய கேள்வி. மேலே சொன்னதிலேயே விடை இருக்கிறது. நன்றாக வதக்கினால் அரிப்புதான் போகிறது, ஆக்சலேட் போவதில்லை. சிறுநீரகக் கற்களில் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட் கற்கள். கல் வந்தவர் பிரண்டைப் பொடி, சாறு, மாத்திரை எதையும் வழக்கமாக எடுக்கக் கூடாது. மாதத்தில் ஒருநாள் ஒரு ஸ்பூன் துவையல் என்றால் தயிர், மோர் உள்ள சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்லலாம். பாலில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது குறையும். அன்று தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

அம்மாவின் மூட்டு வலிக்குத் தனியாக எழுதுகிறேன். அங்கேதான் ஊர்ப்பேச்சு அதிகம்.

புதுவாணலி எழுதியது:

ரொம்ப நன்றி. கல்சட்டி அக்கா, ஒரு சந்தேகம். மோரில் ஊறவைக்கணும்னு சொல்றாங்களே, அது துவையலுக்கு வேணாமா?

கல்சட்டி எழுதியது:

துவையலுக்கு வேண்டாம், ஈரம் ஏறிடும். மோர் வற்றலுக்குத்தான். அதுக்கு இன்னும் கொஞ்சம் நீளமா, ஒரு அங்குலத் துண்டு. கால் கிலோ பிரண்டைக்கு அரை லிட்டர் நல்லாப் புளிச்ச மோர், ஒன்றரை தேக்கரண்டி கல் உப்பு. ராத்திரி ஊறவச்சு, காலையில் மோரை வேறு பாத்திரத்தில் வடிச்சுட்டுப் பிரண்டையை வெயிலில் காய வைக்கணும். சாயந்தரம் திரும்ப அதே மோரில் போடணும். மோர் தீர்ற வரைக்கும் மூணு நாள் இப்படி, அப்புறம் ரெண்டு நாள் மோர் இல்லாம வெறும் வெயில். கையில் ஒடிச்சா சுள்ளி மாதிரி சத்தம் வரணும். மழை மூட்டத்தில் இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க, ரெண்டாம் நாளே பூஞ்சை பிடிச்சிடும். பொரிக்கும்போது எண்ணெய் மிதமாக் காயணும். பொன்னிறத்துக்கு மேலே போனா கசக்கும்.

அப்பளத்துக்கும் பிரண்டை உண்டு. ஒரு கிலோ உளுந்து மாவுக்கு 100 கிராம் இளம் பிரண்டையை இடிச்சுத் தண்ணி விட்டு வடிகட்டி, உப்பு, பெருங்காயத்தோட கொதிக்க வச்சு ஆறவிட்டு, அந்தத் தண்ணியில்தான் மாவு பிசைவாங்க. நல்லாக் கொதிக்காத சாற்றில் பிசைஞ்சா இடிக்கிறவங்க கையெல்லாம் அரிக்கும். கடை அப்பளத்தில் இப்ப எல்லாம் அப்பளக்காரம்தான்.

திவசத்துக்குச் செய்யறதா இருந்தா மிளகாய்க்குப் பதில் மிளகு ஒரு தேக்கரண்டி, பெருங்காயம் கிடையாது. திவசச் சமையலில் 1008 காய் கணக்கு ஒண்ணு உண்டு இல்லையா: பாகற்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு, மீதி எட்டுக்கு எட்டுக் காய். அதனாலதான் வேற நாளில் பிரண்டையை எட்டிப் பார்க்காத வீட்டிலும் அன்னைக்கு ஒரு கட்டு வந்து இறங்கும்.

வச்சிரவல்லி எழுதியது:

மூட்டு வலி, எலும்பு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவத்தில் பிரண்டைக்கு வச்சிரவல்லி என்று பெயர். வடமொழியில் எலும்பைக் கூட்டுவது என்ற பொருளில் அஸ்திசம்ஹாரம் என்பார்கள். கணுக்கணுவாக எலும்புச் சட்டம் போலவே இருக்கும் தண்டைப் பார்த்துப் பெயர் வந்ததா, பயனைப் பார்த்து வந்ததா என்று கேட்டால் இரண்டும் கலந்திருக்கும். எலும்பு முறிவில் இதற்குப் பயன் உண்டா என்பதை 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பாவும் ஜி. பிரசாதும் விலங்குகளில் சோதித்தார்கள். முறிந்த எலும்பு கூடும் வேகம் கூடியதாக எழுதினார்கள். அதன் பிறகும் விலங்குச் சோதனைகள் நிறைய. மனிதர்களிடம் நடந்தவை சிறியவை. “கூடி வருகிற எலும்புக்கு உதவக்கூடும்” என்பதுவரை சொல்லலாம், “மாவுக்கட்டு வேண்டாம், பிரண்டை போதும்” என்று சொல்ல அதில் இடமில்லை. எலும்பு விலகியிருந்தால் விலகியபடியே கூடும், பிறகு மறுபடி உடைத்துத்தான் நேராக்க வேண்டும். அடிபட்ட இடத்துக்கு எக்ஸ்ரே எடுத்த பிறகே மற்றதெல்லாம்.

அடுத்தது, “பிரண்டையில் பாலைவிடக் கால்சியம் அதிகம்” என்று சுற்றிவரும் செய்தி. இருக்கிற கால்சியத்தில் ஒரு பங்கு நாம் இவ்வளவு நேரம் பேசிய ஊசிகளாகவே இருக்கிறது. ஆக்சலேட்டோடு கட்டுண்ட கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. பசலைக்கீரைக்கும் இதே குறை உண்டு. அம்மாவுக்குக் கால்சியம் வேண்டுமென்றால் கேழ்வரகு, முள்ளோடு தின்னும் சிறு மீன், பால், தயிர் என்று போங்கள். பிரண்டையைக் கால்சியக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எலும்பு அடர்த்தி குறைவதும் மூட்டின் குருத்தெலும்பு தேய்வதும் வெவ்வேறு நோய்கள். இரண்டையும் “எலும்புத் தேய்மானம்” என்றே சொல்லிவிடுவதால் மருந்தும் மாறிப்போகிறது. எது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பொடி பற்றி யோசிக்க வேண்டும்.

பொடி எடுப்பதென்றால் எந்தப் பொடி என்பதும் முக்கியம். கடையில் வரும் பலவும் முற்றிய தண்டை நறுக்கிக் காயவைத்து அப்படியே அரைத்தவை. வதக்காத பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் தொண்டை அரிக்கும், சிலருக்கு வயிற்றெரிச்சலும் வரும். சித்த முறையில் இளந்தண்டை நார் எடுத்து, மோரில் ஊறவைத்து உலர்த்தியோ, நெய்யில் வறுத்தோதான் பொடிப்பார்கள். தொடக்கத்தில் கால் தேக்கரண்டி, சாப்பாட்டுக்குப் பிறகு, நெய் அல்லது மோரோடு. நாலைந்து நாள் பார்த்துவிட்டு அரை தேக்கரண்டி. தினம் ஒரு ஸ்பூன் என்று மாதக்கணக்கில் போகிற வழக்கத்துக்கு நான் உடன்பட மாட்டேன். பத்திய மருந்து போல ஒரு மண்டலம், அதுவும் சித்த மருத்துவர் பார்வையில்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் பொடி, கேப்சூல் தொடங்கினால் சர்க்கரையை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும், தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் மருந்து அளவில் எடுக்க வேண்டாம். எடை குறைக்க என்று விற்கும் பிரண்டை கேப்சூல்கள் செறிவூட்டிய சாரம். துவையலின் அனுபவத்தை வைத்து அவற்றை எடைபோட முடியாது.

சுளுக்கு, வீக்கத்துக்கு மேற்பூச்சு உண்டு, அது நல்ல கைமுறை. இளம் பிரண்டையை இடித்துப் பிழிந்த சாறு அரை டம்ளர், நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தேக்கரண்டி கல் உப்பு. கரைத்து வடிகட்டிச் சிறுதீயில் களிம்புப் பதம் வரும்வரை காய்ச்ச வேண்டும். பொறுக்கும் சூட்டில் பற்றுப் போட்டு, காய்ந்ததும் வெந்நீரில் துடைத்துவிடலாம். பச்சைச் சாற்றை நேரே தேய்த்தால் சுளுக்கை மறந்து சொறிந்துகொண்டிருப்பீர்கள். காயம், சிராய்ப்பு உள்ள தோலில் போடவே கூடாது. புதிதாகப் போடுபவர்கள் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளவும்.

குமிழ்_அடுப்பு எழுதியது:

சரி, குக்கரை வாபஸ் வாங்கிக்கிறேன். மூலத்துக்கு இது கைகண்ட மருந்துன்னு சொல்றது உண்மையா?

வச்சிரவல்லி எழுதியது:

மந்தம், பசியின்மை, மூலம் மூன்றுக்கும் சித்த நூல்கள் சொல்கின்றன. முதல் இரண்டுக்கும் துவையலாகச் சாப்பிட்டாலே போதும். காய்ச்சலுக்குப் பிறகு வாய் கசந்து கிடப்பவர்களுக்குப் பிரண்டைத் துவையலும் சுட்ட அப்பளமும் வைப்பதில் பொருள் இருக்கிறது.

மூலத்துக்குத் தாய்லாந்திலும் இதே கொடிதான் நாட்டு மருந்து. அங்கே பச்சைத் தண்டை ஒரு கணு அளவு வெட்டி, வாழைப்பழத்துக்குள்ளோ புளிக்குள்ளோ பொதிந்து மெல்லாமல் விழுங்குவார்கள். அரிப்பை ஏமாற்ற அவர்கள் கண்ட வழி அது. ஆனால் அதே நாட்டில் 2010இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், திடீர் மூலத்துக்குப் பிரண்டை வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்ததாகத் தெரியவில்லை. ஒப்பிட்ட ஆங்கில மருந்தும் அப்படித்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். மலச்சிக்கலைச் சரிசெய்து, தண்ணீரும் நார்ச்சத்தும் கூட்டினாலே பாதி மூலம் அடங்கும். அடிக்கடி ரத்தம் போனாலோ மலம் கறுத்துப் போனாலோ அதை மூலம் என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரண்டை உப்பு: இது தண்டில் உப்புப் போட்டது அல்ல, சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பு. முற்றிய தண்டை நறுக்கி நன்றாகச் சருகாகும்வரை காயவைத்து, மண்சட்டியில் போட்டு வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிப்பார்கள். கருப்பு மிஞ்சினால் உப்பு பழுப்பாக வரும். சாம்பலைப் போல நான்கு பங்கு தண்ணீரில் கரைத்து ஓர் இரவு அசையாமல் வைத்தால் மேலே தெளிநீர் நிற்கும். அதை மட்டும் இறுத்து, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, அடுப்பிலோ வெயிலிலோ வற்றவைத்தால் அடியில் வெள்ளை உப்பு படியும். அடி வண்டலைக் கலக்கிவிடாமல் இறுப்பதில்தான் திறமை. கிலோக் கணக்கில் எரித்தாலும் கிடைப்பது சில ஸ்பூன்தான். அலுமினியப் பாத்திரம் கூடாது, காரம் அதை அரிக்கும். காற்றுப் பட்டால் கசிந்து நீராகிவிடும் என்பதால் கண்ணாடிப் புட்டியில் இறுக மூட வேண்டும்.

எரிக்கும் சூட்டில் ஆக்சலேட் ஊசிகள் சிதைந்து வேறு உப்பாகிவிடுவதால் இது அரிக்காது. கிடைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள், காரத்தன்மை உடையவை. அரிசி எடைக் கணக்கில் கொடுக்கிற மருந்து இது, சமையல் உப்பு மாதிரி அள்ளுவதல்ல. சிறுநீரகப் பழுது, இதய நோய் உள்ளவர்கள், ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

வேலிப்படல் எழுதியது:

கடைக் கட்டை நம்பினா இளசு கிடைக்காது, தொட்டியிலேயே வளர்த்துக்கலாம். ரெண்டு மூணு கணு உள்ள முற்றின துண்டு போதும். வெட்டின வாய் காயட்டும்னு ரெண்டு நாள் நிழலில் போட்டுட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போற மாதிரி கொஞ்சம் சாய்ச்சு நடுங்க. செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய சாணம் ஒரு பங்கு. மண் காய்ஞ்ச பிறகுதான் தண்ணி. பிரண்டை செத்துப்போச்சுன்னு சொல்றவங்க பத்தில் ஒன்பது பேர் தண்ணி ஊத்தியே அழுக வச்சவங்க. முழு வெயிலில் வைங்க, நிழலில் நூலா நீளும், சதை பிடிக்காது. பற்றுக்கம்பி விட்டு ஏறும், அதனால ஒரு கம்போ வலையோ வேணும். கணு இடுக்கில் மாவுப்பூச்சி வெள்ளையா அடைஞ்சா, பழைய பல்துலக்கியை வேப்பெண்ணெய்-சோப்புக் கரைசலில் தோய்ச்சுத் தேய்ச்சு விடுங்க.

நுனியை மூணு கணுவோட ஒடிச்சுக்கிட்டே இருந்தா பக்கத்தில் ரெண்டு கிளை விடும், துவையலுக்கு இளசு தொடர்ந்து வரும். மழை பெய்யற ஐப்பசி, கார்த்திகையில் நல்ல தளிர். கோடையில் இலை உதிர்ந்து தண்டு இறுகிடும், அப்ப அதை விட்டுடுங்க.

காட்டில், வேலியில் பறிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரண்டையை ஒடிச்சா தெளிஞ்ச வழவழ நீர்தான் வரும். வெள்ளைப் பால் வந்தா அது கள்ளி வகை, கையைக் கழுவிட்டு வந்துடுங்க, கண்ணில் பட்டா பெரிய ஆபத்து. கள்ளிமுளையானும் நாலு பட்டையாத்தான் இருக்கும், பாலும் வராது. ஆனா அதுக்குப் பற்றுக்கம்பி கிடையாது, பிரண்டை மாதிரி கணுவுக்குக் கணு இடுங்கியும் இருக்காது. அதுவும் தின்கிற சாமான்தான், ஆனா செய்முறை வேற. பட்டையான ஓலைப்பிரண்டை, உருண்டைப் பிரண்டை, மூணு பட்டை முப்பிரண்டைன்னு வகை உண்டு. துவையலுக்கு வழக்கமா எடுக்கிறது நாலு பட்டைதான்.

இன்னொண்ணு, “பெத்த வயித்தில் பிரண்டையை வச்சுக் கட்ட”ன்னு தாய்மார் நொந்து சொல்றதை வச்சு, பிரசவத்துக்கு அப்புறம் வயித்தில் பிரண்டை கட்டினா நல்லதுன்னு இப்ப ஒரு விளக்கம் சுத்துது. தயவுசெஞ்சு யாரும் கட்டாதீங்க. இப்படிப் பிள்ளையைப் பெத்த வயித்துக்கு இந்த அரிப்புதான் தண்டனைன்னு நொந்துக்கிற பேச்சு அது, வைத்தியக் குறிப்பு இல்லை.

புதுவாணலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்குப் பொடி, உப்பு ரெண்டும் கிடையாது, அம்மாவுக்கு டாக்டரைப் பார்த்த பிறகு. கடைசியா ஒண்ணு: தொட்டியில் வளர்த்தா இலை, பழம் எல்லாம் வருமே, அதையும் சமைக்கலாமா?

வேலிப்படல் எழுதியது:

தளிர் இலையைத் தண்டோட சேர்த்தே வதக்கலாம், முற்றின இலை வேண்டாம். சிவப்பா, பட்டாணி அளவில் வர்ற பழம் கடுமையாக் காந்தும், அதைக் குருவிக்கு விட்டுடுங்க. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தா பழுக்கறதுக்கு முன்னாடியே கிள்ளிப் போட்டுடுங்க, பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும்.